பங்காளியும் பத்து யூனிட்டும்

லிமிங்டன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். மழையும் நலமே.

"பாய்மரப் படகுக்கு எதுக்குடா மோட்டார்? தாத்தா மோட்டாரிலா கொழும்புக்குத் தோணி விட்டார்?" என்று போனில் சிரித்தீர்கள். தாத்தா காற்றுக்காக நாலு நாள் காத்துக் கிடப்பார். எனக்குத் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஆபீஸ்.

எங்கள் 28 அடிப் படகில் பாதி எனக்கு, பாதி பக்கத்து வீட்டு வெள்ளைக்காரருக்கு. ஆக, முறைப்படி அவர் எனக்குப் பங்காளி. முறைப்படி சண்டையும் வந்துவிட்டது. டீசல் எஞ்சினுக்கு வயதாகிவிட்டது. எழுந்ததும் இருமும், புகைவிடும், பிறகு நாள் முழுக்க உழைக்கும், நம்ம பெரியப்பா மாதிரி. அதை இறக்கிவிட்டு மின்மோட்டார் வைப்போம் என்கிறார். சத்தமில்லை, நாற்றமில்லை, பாய் விரித்து ஓடும்போது புரொப்பல்லர் தானே சுழன்று பேட்டரியை ஏற்றுமாம். ஏற்றும்தான், 5 நாட் வேகத்தில் ஓடினால் ஒன்றிரண்டு மின்விசிறிக்குக் காணும். படகின் வேகத்தையும் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பத்து யூனிட் பேட்டரி சுமார் 100 கிலோ. ஒரு லிட்டர் டீசலில் அதே பத்து யூனிட் இருக்கிறது. எஞ்சின் ஏழு யூனிட்டைச் சூடாக்கித் தொலைத்தாலும் மூன்று தேறும். அதாவது அந்த 100 கிலோ, மூன்று லிட்டர் டீசல்! எங்கள் டாங்கில் 40 லிட்டர் பிடிக்கும்.

"மெதுவாகப் போ" என்றார் பங்காளி. அதில் நியாயம் உண்டு. வேகத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டில் ஒன்றாகிவிடும். 4 நாட் வேகத்தில் நாலு மணி நேரம் ஓடலாம். ஏரியாக இருந்தால் அன்றே சரி என்றிருப்பேன். இங்கே வாசலிலேயே ஹர்ஸ்ட் முனை. வைட் தீவுக்கும் கரைக்கும் நடுவே கடல் ஒடுங்கும் இடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் 4 நாட் வேகத்துக்கும் மேலே இழுக்கும். எதிர்த்துப் போனால் நாலு மணி நேரமும் ஒரே கலங்கரை விளக்கத்தைத் தரிசிக்கலாம். பேட்டரி தீர்ந்ததும் இலவசமாக வந்த வழியே திரும்பலாம்.

இரண்டு வாரம் இப்படி வாதாடினோம். என் மனைவி ஒரே கேள்வி கேட்டாள்: "பிளக் எங்கே?"

படகு ஆற்று நடுவே மிதவையில் கட்டிக் கிடக்கிறது. அதுவரை வயர் இழுக்க இதென்ன கோயில் கொடையா? சோலார் பலகை இருக்கிறதே என்றார் பங்காளி. பலகை இருக்கிறது. சூரியன்?

டீசல் தப்பித்தது. சமாதானத்துக்கு, படகுக்குப் போய்வரும் ரப்பர் டிங்கிக்கு ஒரு சின்ன மின்மோட்டார் வாங்கினோம். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கே கொண்டுவரலாம். கிரைண்டர் பிளக்கில் சார்ஜ் ஏறுகிறது. மாவு ஆட்டும் சனிக்கிழமைகளில் மட்டும் நானும் பங்காளியும் துடுப்புப் போடுகிறோம்.

அம்மா கேட்டால், டிங்கியில் மிதவைச் சட்டை இருக்கிறது என்று சொல்லுங்கள். துடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

அன்புத் தம்பி