மேசைக்கு அடியில் ஒரு பென்சில் எழுத்து

1963-இல் ஒன்றாம் வகுப்பில் நான் உட்கார்ந்த பெஞ்சு என் அப்பா செய்தது. சுங்கை சிப்புட் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு அவர்தான் ஆசாரி. லயத்துக் கதவு, ஸ்டோர் அலமாரி, கோயில் சப்பரம், பிள்ளைகளுக்குத் தொட்டில், செத்தவர்களுக்குப் பெட்டி எல்லாமே அவர் கைவேலை.

பெஞ்சுக் கால் ஆட ஆரம்பித்தால் வாத்தியார் ஒரு பையனைப் புகைக்கூடத்துக்குப் பின்னால் இருந்த பட்டறைக்கு அனுப்புவார். "ஆசாரி, வாத்தியார் வரச் சொன்னாரு" என்று அவன் வாசலில் நின்றே கத்துவான். உளியையும் கொட்டாப்புளியையும் எடுத்துக்கொண்டு அப்பா அடுத்த மணி அடிப்பதற்குள் வந்துவிடுவார். பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு, சின்னதாக ஆப்பு சீவி அடித்து இறுக்குவார். பிறகு காதில் சொருகியிருக்கும் பென்சிலை எடுத்துப் பலகையின் அடிப்பக்கத்தில் தேதி எழுதுவார். செய்த தேதியும் அங்கேதான் இருக்கும். அதன் கீழே பழுது பார்த்த தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக. கிராணியிடம் கணக்குச் சொல்ல அது வேண்டும் என்பார்.

ஒன்றை மட்டும் அவர் தொடவே மாட்டார்: பால்மரத்துப் பலகை. பால்மரம் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரம் சுற்றிலும் ஆயிரக்கணக்கில் நின்றாலும் பெஞ்சுக்கு மெராந்திதான் வேண்டும். "பால்மரம் அடுப்புக்குத்தாண்டா, பலகைக்கு ஆவாது" என்பார். அது உண்மைதான். வெட்டிப் போட்ட சில நாளில் மரத்தில் நீலம் பாயும், வண்டு துளைத்து மாவாக உதிரும். இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுத்த மரத்தை வெட்டிப் புகைக்கூடத்தில் விறகாக எரிப்பார்கள்.

அந்தக் காலத்தை நான் பொற்காலம் என்று சொல்லவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைத்தாக வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதனால்தான் பல தோட்டங்களில் ஒரு கொட்டகையாவது எழுந்தது. வெள்ளைக்காரன் ஆட்சியில் பெரிய கொள்முதல் எதுவும் உள்ளூருக்கு வரவில்லை. காலனி அரசாங்கங்களுக்கு வேண்டிய தண்டவாளம், இயந்திரம் முதலான சாமான்களை லண்டனில் இருந்த கிரௌன் ஏஜென்ட்ஸ் வாங்கி அனுப்பியது. பள்ளிக்கூட பெஞ்சு தோட்டத்துத் துரையின் கண்ணுக்குப் பெரிய செலவாகத் தெரியவில்லை. அதனால்தான் அது என் அப்பாவின் கைக்கு வந்தது. ஆனாலும் அந்தச் சின்ன வேலை தோட்டத்துக்குள்ளேயே நடந்தது. செய்தவனின் பிள்ளையே அதில் உட்கார்ந்து படித்தான்.

சுதந்திர மலேசியா இந்த அநீதியைத் திருத்த முயன்றது, திருத்தவும் வேண்டியிருந்தது. 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்த பிறகு அரசாங்கக் குத்தகை, பின்தங்கியவர்களைத் தூக்கிவிடும் ஏணியானது. நான் ஆசிரியராக இருந்த காலத்து விதிப்படி, பொருள் கொள்முதலில் பூமிபுத்ரா எனப்படும் மலாய், பூர்வகுடி மக்களின் நிறுவனங்களுக்கு 5 லட்சம் வெள்ளி வரை 10 விழுக்காடு விலைச் சலுகை. தொகை ஏற ஏற அது 2.5 விழுக்காடு வரை இறங்கும். சின்னக் கட்டட வேலை என்றால், அந்தந்த மாவட்டத்தில் பதிந்த சிறு குத்தகையாளர்களின் பெயர்களைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். மாவட்டத்து வேலை மாவட்டத்துக்காரனுக்கே என்ற அந்த எண்ணத்தை நான் மனதார ஆதரிக்கிறேன். ஊர்ப்பணம் ஊருக்குள் சுற்றினால்தான் ஊர் பிழைக்கும்.

ஆனால் நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிக்கு மேசைகள் வந்து இறங்கின. சப்ளை செய்த நிறுவனத்துக்கு ஈப்போ முகவரி. உள்ளூர் நிறுவனம் என்று சப்ளைத் தாளைப் பார்த்தபோது எனக்கு நிறைவாகத்தான் இருந்தது. ஆறு மாதத்தில் பதினொரு மேசைகளின் கால் கழன்றது. தாளில் இருந்த எண்ணை அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை நேரில் போனேன். கடைவீட்டின் மாடியில் பூட்டிய கதவும் அதில் ஒரு பெயர்ப்பலகையும் இருந்தன. பட்டறை இல்லை, ஒரு சுத்தியல்கூட இல்லை. கல்வி அலுவலகத்தில் கேட்டேன். புதிய ஒதுக்கீடு வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள்.

மேசையைக் கவிழ்த்துப் பார்த்தேன். தொழிற்சாலை ஒட்டிய தாளில் மூவார் என்று இருந்தது. ஜொகூரில் இருக்கும் மூவார் நாட்டின் மரச்சாமான் தொழிலுக்குப் பெயர்போன ஊர். பலகையைத் தடவிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது: பால்மரம். மருந்தேற்றி, சூளையில் உலர்த்தி, வண்டும் நீலமும் அண்டாமல் பால்மரத்தைப் பக்குவப்படுத்தும் முறை பரவிய பிறகு, 1980-களிலிருந்து அது மரச்சாமான் ஆகிவிட்டது. இன்று மலேசியா ஏற்றுமதி செய்யும் மரச்சாமான்களில் பெரும்பங்கு பால்மரத்தில் ஆனது. என் அப்பா ஆகாது என்று ஒதுக்கிய மரம் என் மாணவர்களுக்கு மேசையாக வந்திருந்தது. அந்த மாற்றத்தைக் கண்டு நான் பெருமைப்பட்டேன். மூவார்க்காரர்கள் மீது எனக்குக் குறையில்லை, அவர்கள் செய்கிறவர்கள். இடையில் நின்று பெயரை மட்டும் கொடுத்தவரைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

குத்தகையை ஒருவர் எடுத்து, கமிஷனை வைத்துக்கொண்டு இன்னொருவரிடம் கைமாற்றுவதை இந்த நாட்டில் 'அலி பாபா' என்பார்கள். இது எந்த ஓர் இனத்தின் குற்றமும் இல்லை, எல்லா இனத்தவரும் இதில் கை நனைத்திருக்கிறார்கள். இதனால் நஷ்டப்படுவது உண்மையில் உளி பிடிக்கும் மலாய்க்காரத் தச்சரும், இந்தியத் தச்சரும், சீனத் தச்சரும்தான்.

எங்கள் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி, தாமான் குடியிருப்பில், அப்படி ஒரு தச்சர் இருந்தார். அவரும் தோட்டத்துப் பிள்ளை. தோட்டம் செம்பனைக்கு மாறியதும் வெளியேறி, வீட்டு முன்வாசலில் தகரம் இறக்கிப் பட்டறை போட்டவர். குத்தகைக்கு ஏன் எழுதிப் போடவில்லை என்று கேட்டேன். "சார், பதிவுக்கு மூலதனம் காட்டணும், கம்பெனிக் கணக்கு காட்டணும். அப்படியே கிடைச்சாலும் முந்நூறு மேசைக்கு மரம் வாங்க என்கிட்ட ஏது காசு? முப்பது கொடுங்க, செஞ்சு தர்றேன்" என்றார்.

அந்த முப்பது என்ற எண் என் மனதை விட்டுப் போகவில்லை. சின்னவர்களுக்கென்று ஒரு பங்கை ஒதுக்க வழி உண்டு. இந்தியாவில் மத்திய அரசின் கொள்முதலில் ஒரு பங்கைக் குறு, சிறு தொழில்களிடமிருந்து வாங்க வேண்டும் என்று 2012-இல் ஆணை வந்தது. 20 விழுக்காடாக இருந்த அந்தப் பங்கைப் பிறகு 25 ஆக்கினார்கள். அதில் எனக்குப் பிடித்தது, வாங்கி விற்கும் வியாபாரிக்கு அந்தச் சலுகை கிடையாது என்பதுதான். செய்கிறவனுக்கே சலுகை.

2025-இல் நம் மலேசிய மக்களவை அரசாங்கக் கொள்முதல் மசோதாவை நிறைவேற்றியது. அதுவரை சட்டத்தைவிடக் கருவூலச் சுற்றறிக்கைகளை நம்பித்தான் கொள்முதல் நடந்து வந்தது. இனி விதிகள் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது மூன்று. முகவரியோடு பட்டறையையும் போய்ப் பாருங்கள். முந்நூறைப் பத்தாகப் பிரித்து முப்பது முப்பதாகவும் கொடுங்கள். பழுதானால் எத்தனை நாளில் வருவார் என்பதையும் விலையோடு சேர்த்து எடைபோடுங்கள். உள்ளூர் என்பதற்கு எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான்: கூப்பிட்டால் வரும் தூரம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் கொஞ்சம் பணம் திரட்டியது. அந்தத் தச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து மாலைக்குள் பதினொரு மேசைகளையும் சரிசெய்தார். அவர் போன பிறகு ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தேன். தொழிற்சாலைத் தாளுக்குப் பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதியிருந்தார். அதன் கீழே அவருடைய கைப்பேசி எண்.

நான் ஓய்வு பெறும்வரை இரண்டு முறை அந்த எண்ணை அழைத்தேன். இரண்டு முறையும் அன்றைக்கே வந்தார்.