சுமைகூலி முக்கால் பணமா?

கே: கையடக்க மிரர்லெஸ் கேமரா வாங்கிவிட்டு, அதன் தலையில் செங்கல் மாதிரி ஒரு ரெக்கார்டரை ஏற்றுகிறார்களே... சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா?

ப: 2014-இல் வந்த சோனி ஏ7எஸ் 4கே-யில் பார்க்கும், அந்த 4கே-யைத் தனக்குள் பதியத் தெரியாது. கண் உண்டு, ஞாபகம் இல்லை! அந்த ஞாபகத்தைத்தான் எச்டிஎம்ஐ கேபிள் போட்டு வெளியே வாங்கினார்கள். அதே ஆண்டின் பானசோனிக் ஜிஎச்4 உள்ளே 8 பிட் பதியும், வெளியே 10 பிட் அனுப்பும். ஒரு நிறத்துக்கு 256 படி எங்கே, 1,024 படி எங்கே? அந்தி வானம் பட்டை பட்டையாகப் பிளக்காமல் குழைந்து வருவது அதனால்தான்.

இன்று பல கேமராக்கள் உள்ளேயே 10 பிட் பதிகின்றன. இருந்தாலும், தாலி கட்டும் நேரத்தில் கார்டு மக்கர் செய்தால் மறுபடி கட்டச் சொல்ல முடியுமா? கார்டு, ரெக்கார்டர் இரண்டிலும் பதியுங்கள். ரெக்கார்டருக்கான கேபிளைச் செருகும் மைக்ரோ எச்டிஎம்ஐ துளை பலவீனமானது. கேபிளுக்குக் கட்டாயம் கிளாம்ப் போடுங்கள்.