பயாஸுக்குள் ஒரு பஞ்சாயத்து

வேகமாகச் சுற்றும் விசிறியைக்கூட மன்னித்துவிடலாம். நிமிஷத்துக்கு நிமிஷம் வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் விசிறியோடு குடித்தனம் நடத்த முடியாது. என் கம்ப்யூட்டரின் சி.பி.யு. விசிறி இரண்டாம் ரகம். ஒரு பி.டி.எஃப். திறந்தால் 'ஊஊங்'. மூடினால் அமைதி. பிரவுசரில் ஒரு டேப் திறந்தால் மறுபடி 'ஊஊங்'. சம்பந்தி வீட்டுக் கார் தெருமுனை திரும்பியதும் வாசலுக்கும் அடுப்படிக்கும் ஓடுகிற பெண் வீட்டார் மாதிரி, எதற்கெடுத்தாலும் பதற்றம். பக்கத்து அறையிலிருந்த அப்பா அந்தச் சத்தத்தை வைத்தே என் வருகைப் பதிவேட்டைப் பராமரித்தார். "என்னடா, ரொம்ப நேரமா சத்தத்தையே காணோம், தூங்கிட்டியா?"

விசிறியைத் திட்டிப் பயனில்லை. இந்தக் காலத்துப் பிராசசர் அற்ப வேலைக்கும் பூஸ்ட் வேகத்துக்குத் தாவும். கண்ணிமைப்பதற்குள் பத்துப் பதினைந்து டிகிரி ஏறி, அதே வேகத்தில் இறங்கியும் விடும். அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஹீட்சிங்க் அதற்குள் சூடாகியே இருக்காது. ஆனால் மதர்போர்டு அந்தத் துள்ளலை நம்பி விசிறியை முடுக்கிவிடுகிறது. ஆறிப்போன உலோகத்துக்கு அத்தனை ஆவேசமாக விசிறி என்ன புண்ணியம்?

கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பி, டெலீட் பட்டனைத் தட்டி, மதர்போர்டின் அமைப்புகள் குடியிருக்கும் பயாஸுக்குள் போனேன். ஆசுஸ் போர்டில் 'கியூ-ஃபேன்', கிகாபைட்டில் 'ஸ்மார்ட் ஃபேன்'. பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது ஒரே வரைபடம்: கீழே வெப்பம், பக்கவாட்டில் வேகம், நடுவே பிடித்து இழுக்கச் சில புள்ளிகள். நாலு பின் விசிறிக்கு பி.டபிள்யூ.எம்., மூன்று பின்னுக்கு டி.சி. என்று கட்டுப்பாட்டு முறையை முதலில் சொல்லிவிட வேண்டும். மூன்று பின்காரரை பி.டபிள்யூ.எம்.மில் விட்டால், நீங்கள் கோட்டை எப்படி வளைத்தாலும் அவர் 12 வோல்ட்டையும் வாங்கிக்கொண்டு முழு வேகத்தில்தான் சுற்றுவார்.

குளிர்தேசத்துக்காரர்கள் 40 டிகிரியில் விசிறியைத் தூங்க வைப்பார்கள். மே மாதச் சென்னையில் அறையே 35 டிகிரி. அதற்குக் கீழே சி.பி.யு.வை இறக்க எந்த விசிறியாலும் ஆகாது. அதனால் 55 டிகிரி வரை 30 சதவீதம், 70-க்கு 55, 85-க்கு முழு வேகம் என்று தீர்ப்பெழுதினேன். அந்தக் கடைசிப் புள்ளியில் மட்டும் தயவு தாட்சண்யம் கூடாது. வேகத்தை ரொம்ப இறக்கினாலும் வம்பு: சில போர்டுகள் விசிறி செத்துவிட்டதாக முடிவு கட்டி, எஃப்1 அழுத்தச் சொல்லி வாசலிலேயே நிறுத்திவிடும்.

வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். லாபமான பேரம். அதைவிடப் பெரிய புதையல் 'ஸ்டெப் அப்', 'ஸ்டெப் டவுன்' என்று ஒரு மூலையில் யாரும் சீண்டாமல் கிடந்தது: சூடு ஏறினாலும் சில விநாடி பொறுத்து மெல்ல வேகமெடு, இறங்கினாலும் மெல்ல இறங்கு என்பதற்கான ஏற்பாடு. அதைக் கூட்டி வைத்தேன். பி.டி.எஃப். திறந்தது, விசிறி அசரவில்லை.

இப்போது சீலிங் ஃபேனின் 'கடக் கடக்' நன்றாகக் கேட்கிறது. அதற்கு பயாஸ் கிடையாது. ரெகுலேட்டர் உண்டு, அதில் ஐந்து எண்கள் உண்டு, ஒன்றிலிருந்து நாலு வரை ஒரே வேகம். எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டேன். "தோ, வந்துட்டே இருக்கேன் சார்" என்றார், போன புதன்கிழமை.