உராய்வு என்று எழுதுங்கள்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் உங்களுக்குப் பட்டாசு ஆலை இருக்கிறது. வெடித்தும் விட்டது. பதற வேண்டாம். கீழே சொன்னபடி செய்தால் விசாரணை அந்த இடிந்த அறையைத் தாண்டி ஓரடி வைக்காது. பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருப்பீர்கள். மீதியைச் சொல்லித் தருகிறேன்.

1. விபத்துக்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். உரிமம் உங்கள் பெயரில் இருக்கட்டும். ஆலையை அறை அறையாகப் பிரித்து உள்குத்தகைக்கு விடுங்கள். கொடுத்த பணத்தைத் தீபாவளிக்குள் எடுத்தாக வேண்டியது குத்தகைக்காரர் பாடு. எப்படி எடுக்கிறார் என்று பார்க்கப் போகாதீர்கள்; பார்த்தால் தெரிந்துவிடும். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகுதான், ஒரே ஆலை பலருக்குப் பிரித்து விடப்பட்டிருந்தது வெளியே வந்தது. அதுவரை அது ரகசியமாக இருந்தது என்று நம்புங்கள்.

2. கூலியைப் பீஸ் கணக்கில் கொடுங்கள். பிறகு யாரையும் விரட்ட வேண்டியதில்லை. வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் உங்களுக்காக விரட்டும். அறைக்கு 4 பேர் என்ற விதியைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். கூடுதலாக வரும் ஆட்களை மரத்தடியில் உட்கார வையுங்கள்; மரத்துக்குச் சுவர் கிடையாது.

3. மாலையில் மீந்த மருந்தைக் கொட்டி அழிக்காதீர்கள். அலுமினியப் பவுடர் விற்கிற விலை உங்களுக்குத் தெரியாததா? மூடி வையுங்கள். ஈரம் பட்ட அலுமினியக் கலவை தானாகவே சூடேறும். காலையில் ஒரு பெண் வந்து அதை அள்ளுவார். அள்ளும்போது வெடித்தால், அள்ளியதுதான் காரணம்.

4. இதுதான் முக்கியமான படி. விபத்து அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் ‘உராய்வு’ என்று எழுதுங்கள். இதில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது. உராய்வு நிஜமாகவே நடந்தது. உராய்ந்தது யார் கை? இறந்துபோனவருடையது. அவர் மறுக்கப் போவதில்லை. மறுநாள் பத்திரிகையிலும் ‘மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு’ என்ற வரி வந்துவிடும், ஊர்ப் பெயர் மட்டும் மாறி.

விசாரிக்க வருபவரை ‘ஏன்’ என்று ஒரே ஒரு தடவை கேட்க விடுங்கள். ஒருமுறை கேட்டால் உராய்வு. இரண்டாம் முறை கேட்டால் நேற்றைய மருந்து. மூன்றாம் முறை பீஸ் கணக்கு. நான்காம் முறை உள்குத்தகை. ஐந்தாம் முறைக்கு உங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். முதல் பதிலிலேயே காபி வரவழைத்துவிடுங்கள்.

5. கைதுக்கு ஆள் வேண்டும். போர்மேனைக் கொடுங்கள். வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருந்ததில்லை. கையெழுத்து மட்டும் இருந்தது. வேறென்ன வேண்டும்?

6. மெத்தப் படித்த அதிகாரி யாராவது வந்துவிட்டால் ஹைன்ரிக்கை எடுத்து வீசுங்கள். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த அமெரிக்கர். விபத்துகளில் 88 சதவீதம் தொழிலாளியின் தவறான செய்கையால் நடப்பவை என்று 1931இல் புத்தகம் போட்டார். கணக்கை எங்கிருந்து எடுத்தார் என்பதை மட்டும் சொல்லாதீர்கள். காப்பீட்டுக் கோப்புகளிலிருந்தும், ஆலைக்காரர்கள் எழுதிய பதிவுகளிலிருந்தும் எடுத்தார். அதாவது உங்களைக் கேட்டுத்தான் உங்கள் மேல் தப்பில்லை என்று கண்டுபிடித்தார். என்னைக் கேட்டால் சிலை வைக்க வேண்டியவர்.

இன்னும் பெரிதாக ஆசைப்படுகிறவர்கள் போபால் விஷவாயு விபத்தைப் படியுங்கள். 1984 டிசம்பருக்குப் பல மாதங்கள் முன்பே நச்சுத் தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் பழுதுக்காகக் குழாய் கழற்றப்பட்டு நின்றது. ஆட்களையும் குறைத்திருந்தார்கள். நிறுவனம் சொன்ன விளக்கம்: மனக்கசப்பில் இருந்த ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தொட்டிக்குள் தண்ணீர் விட்டுவிட்டார். அப்படி ஒருவரை எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தவில்லை. கூண்டில் ஏற்ற முடியாத குற்றவாளி குறுக்கு விசாரணையிலும் உளற மாட்டார்.

7. அரசுத் துறைகளைக் கண்டு அஞ்ச வேண்டாம். வெடிபொருள் துறைக்குத் தலைமையகம் நாக்பூரில். அது போக வருவாய்த் துறை, தொழிலகப் பாதுகாப்புத் துறை, காவல் துறை. நான்கு பேர் காவல் காக்கும் தோட்டத்தில் ஒவ்வொருவரும் மற்ற மூவரை நம்பித் தூங்கலாம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிப்பு: சற்று முன்புதான் உரிமத்தை நிறுத்திவைத்திருந்தார்கள். ஆலை ஓடிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். முதல் புகையைப் பார்த்து ஓடி வந்த அக்கம்பக்கத்து மனிதர்களும் அதில் உண்டு. நிறுத்தும் உத்தரவு நேற்று, ஆர்டர் தீபாவளிக்கு. எது அவசரம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

8. கடைசியாகப் பரிகாரம். தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுங்கள். போட்டோ எடுங்கள். மருந்தை மெதுவாகக் கையாள வேண்டும், அவசரமே கூடாது என்று நன்றாக அழுத்திச் சொல்லச் சொல்லுங்கள். பயிற்சியில் உட்கார்ந்திருந்த அரை நாளுக்குப் பீஸ் ஏதும் ஆகாததால் கூலி இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். அதை அன்று சாயங்காலத்துக்குள் அவர்களே ஈடுகட்டிக்கொள்வார்கள்.