படம் போட்டால் போர் நிற்குமா?

2012 மார்ச்சில் ரோனி எட்ரி என்ற இஸ்ரேலிய வடிவமைப்பாளர், மகளோடு தான் இருக்கும் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டார். ஈரானியரே, உங்கள் நாட்டின் மேல் ஒருபோதும் குண்டு போடமாட்டோம், உங்களை நேசிக்கிறோம் என்று அதில் எழுதியிருந்தது. குண்டு போடுவதும் விடுவதும் அவர் கையில் இல்லை என்பது சில்லறை விஷயம். ஆயிரக்கணக்கானோர் தங்கள் படங்களோடு சேர்ந்துகொண்டார்கள். 2025 ஜூனில் இஸ்ரேல் ஈரான் மேல் குண்டு போட்டது. சண்டை 12 நாள் நடந்தது. “படம் போட்டு என்ன கிழித்தீர்கள்?” என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே கேள்வியை வியன்னாவிலும் கேட்க வேண்டும். 2015இல் அங்கே ஒரு அரண்மனை ஹோட்டலில் இரண்டு வாரத்துக்கும் மேல் பேசி ஈரான் அணு ஒப்பந்தத்தை முடித்த அமைச்சர்களும் கடைசியில் கொடிகளுக்கு முன்னால் வரிசையாக நின்று படம்தான் எடுத்துக்கொண்டார்கள். 2018இல் அமெரிக்கா அதிலிருந்து கழன்றுகொண்டது. அதற்காக வெளியுறவுத் துறைகளை இழுத்து மூடு என்று யாரும் சொல்லவில்லை. எட்ரியின் படத்துக்கு ஹோட்டல் பில்லாவது மிச்சம்.

எல்லாம் லைக் வாங்கும் ஆசை என்பது அடுத்த குற்றச்சாட்டு. டெல் அவிவ்காரர்கள் சிலருக்கு அது பொருந்தலாம். ஈரானிலிருந்து பதில் அனுப்பிய பலர் முகத்தை மறைத்துக்கொண்டல்லவா படம் எடுத்தார்கள்? பெயர் வாங்க வந்தவர் அப்படிச் செய்வாரா என்ன!