லினக்ஸுக்கு மாற லேப்டாப் வாங்குவது எப்படி? மட்டாஞ்சேரிவாசிகளுக்குச் சில யோசனைகள்

முதலில் ஒரு காரணம் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பைக் காரணமில்லாமல் மாற்ற எந்த வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள். நல்லவேளை, அந்தக் காரணத்தை மைக்ரோசாஃப்டே தயாரித்துக் கொடுத்துவிட்டது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றன. விண்டோஸ் 11க்குப் போக டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்தது 2017இல். அதற்கு முன் வாங்கிய லேப்டாப் எவ்வளவு ஒழுங்காக உழைத்தாலும் தகுதியில்லாதது. விண்ணப்பித்தால் 2026 அக்டோபர் வரை ஒரு வருடத் தவணை கிடைக்கும். விண்ணப்பிக்காதீர்கள். தவணை கிடைத்தால் காரணம் போய்விடும்.

அடுத்து, லினக்ஸுக்கு மாறப்போவதாகத் தெரு முழுக்கச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் ‘சுதந்திரம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்ளலாம். கேரளத்தில் அது எடுபடும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001இல் திருவனந்தபுரத்துக்கு வந்துதான் இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார்.

யோசனை யாரிடமும் கேட்கலாம், வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளிடம் மட்டும் கேட்கக்கூடாது. கேரளப் பள்ளிகளில் கணினிப் பாடம் நடப்பதே லினக்ஸில்தான். ஐடி அட் ஸ்கூல் என்று ஆரம்பித்து 2017இல் கைட் என்று பெயர் மாறிய அரசு அமைப்பு, பள்ளிகளுக்கென்றே தனி லினக்ஸ் தயாரித்துத் தருகிறது. லைசென்ஸ் செலவில் இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019இல் ஒரு கணக்கு சொன்னார்கள். எஸ்எஸ்எல்சி ஐடி தேர்வையே லினக்ஸில் எழுதப்போகிற பெண் என்ன சொல்வாள்? “அப்பா, எட்டு ஜிபி பென் டிரைவ் ஒண்ணு வாங்கிட்டு வாங்க, பழைய லேப்டாப்புலயே போட்டுத் தரேன்.” அதோடு உங்கள் திட்டம் முடிந்தது. ஆகவே அவள் டியூஷனுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் பேசுங்கள்.

கேட்க வேண்டியவர்கள் வேறு. காக்கநாடு இன்ஃபோபார்க்கில் வேலை பார்க்கும் அக்கா மகன் ஒருவன் இருப்பான். அவன் மேக்புக் வாங்கச் சொல்வான். நீங்கள் கேட்டது லினக்ஸ் பற்றி என்பதை அவனுக்கு நினைவூட்ட வேண்டாம், பயனில்லை. ஊரில், தென்காசிப் பக்கம், தமிழக அரசின் இலவச லேப்டாப்பை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் அத்தை மகன் இருந்தால் அவனையும் கேட்கலாம். 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்து லேப்டாப்புகளில் விண்டோஸும் இருந்தது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. “லினக்ஸா? அப்படியா, அதுல இருந்துச்சா?” என்பான்.

மூன்றாவது ஆள் முக்கியமானவர்: துபாய் மச்சான். பதினெட்டு வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம் என்ற விதி மட்டாஞ்சேரியில் குழந்தைக்கும் தெரியும். ஆகவே அங்கிருந்து வரும் ஒவ்வொரு மச்சானிடமும் ஒரு லேப்டாப்புக்கு இடம் இருப்பதாகவே இங்கே கணக்கு. அவர் கொண்டுவருவதில் விசைப்பலகை முழுக்க அரபி எழுத்தும் சேர்ந்திருக்கும். பயப்படாதீர்கள். தமிழ்99 விசைமுறையில் பழகிய விரலுக்கு விசை மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை. ஏ விசையில் அரபிக்காரர்களுக்கு ஷீன், நமக்கு அ. இருவரும் கீழே பார்க்காதவரை சண்டை வராது. லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ்99ஐச் சேர்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. இன்னும் பாமினி எழுத்துருவில் பழைய கடிதங்களை வைத்திருப்பவர்கள் மட்டும், மாறுவதற்கு முன்பே அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். (இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல. எழுத்துருக் கோப்பு கைவசம் இல்லையென்றால் உங்கள் கல்யாணப் பத்திரிகை ஆங்கிலக் கிறுக்கலாகத் திறக்கும்.)

பழையதே போதுமே என்று யாராவது குறுக்கே வருவார்கள். அவர்களை மட்டாஞ்சேரி அரண்மனைக்குக் கூட்டிப்போய்க் காட்டலாம், பக்கத்தில்தானே இருக்கிறது. 1555 வாக்கில் அதைக் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது போர்த்துக்கீசியர். 1663இல் டச்சுக்காரர்கள் வந்து பழுது பார்த்தார்கள். இன்றைக்கு அதற்குப் பெயர் டச்சு அரண்மனை. ஹார்டுவேர் ஒருவருடையது, அப்டேட் செய்தவர் பெயரே நிலைத்தது. ஆனால் இந்த உதாரணம் எதிராளி கட்சிக்குத்தான் சாதகமாக இருக்கிறது என்பது பாதி வழியில் புரியும். பேச்சை மாற்றி சுவரோவியங்களைக் காட்டுங்கள்.

இனி கடை. மட்டாஞ்சேரியில் வாட்டர் மெட்ரோ ஜெட்டி திறந்ததும் விண்டோஸ் 10 அப்டேட் நின்ற அதே 2025 அக்டோபரில்தான். அங்கே படகு ஏறி, ஹைகோர்ட் ஜெட்டியில் இறங்கி மரைன் டிரைவ் வழியாக நடந்தால் பென்டா மேனகா. கைபேசி, லேப்டாப், சார்ஜர், அவற்றைப் பிரித்துப்போட்டு ரிப்பேர் செய்கிறவர்கள் எல்லாம் ஒரே கட்டடத்தில். உள்ளே போனதும் “விண்டோஸ் வேண்டாம்” என்று சொல்லிப்பாருங்கள். கடைக்காரர் உங்களை இரக்கத்தோடு பார்ப்பார்.

“வேண்டெங்கில் வேண்டா சாரே. விலை அது தன்னே.”

டாஸ் மாடல் என்று ஒன்று உண்டு, அதைக் கேளுங்கள். விண்டோஸ் இல்லாமல் ஃப்ரீடாஸ் என்ற பேருக்கொரு சிஸ்டத்தோடு வரும், விலை கொஞ்சம் குறையும். உடனே அவர் குரலைத் தாழ்த்தி, “விண்டோஸ் ஞான் இட்டுத் தராம், ஃப்ரீ” என்பார். சுதந்திரம் என்று நீங்கள் சொன்னதை அவர் புரிந்துகொண்ட விதம் அது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள், பணம் போவது இங்கேதான். சட்டைப்பையில் லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்று வைத்திருங்கள் (மகளுக்குத் தெரியாமல் எடுத்தது). டெமோ லேப்டாப்பை அதிலிருந்து கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். எதையும் நிறுவாமலே லினக்ஸ் அப்படி ஓடும். வைஃபை பிடிக்கிறதா என்பது முதல் கேள்வி. இன்டெல் கார்டு என்றால் பெரும்பாலும் சத்தமில்லாமல் பிடிக்கும். பிராட்காம், ரியல்டெக் சிலவற்றுக்கு டிரைவர் தேட வேண்டும், தேடுவதற்கோ வைஃபை வேண்டும். மூடியை மூடித் திறந்தால் தூக்கம் கலைந்து எழுகிறதா? ஒலி, கேமரா? கைரேகை சென்சாரை நம்பாதீர்கள், பல மாடல்களில் அது வெறும் அலங்காரம். என்விடியா கார்டு வைத்ததை விற்கப் பார்த்தால், 2012இல் பின்லாந்தில் ஒரு மேடையில் லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த நிறுவனத்துக்கு நடுவிரல் காட்டிய கதையைச் சொல்லலாம். இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை, ஆனால் பேரம் பேசும்போது அதைச் சொல்ல வேண்டியதில்லை. விரிதாளுக்கும் யூடியூபுக்கும் தனி கிராபிக்ஸ் கார்டு எதற்கு?

இத்தனையும் பார்ப்பதற்குள் கடையில் பின்னால் நான்கு பேர் காத்திருப்பார்கள். வெட்கப்பட்டால் வைஃபை இல்லாத லேப்டாப் கிடைக்கும்.

பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு மண்டியில் கணக்கெழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. டாலி கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கென்றே வருகிறது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைனைப் போட்டு ஓட்டலாம் என்று அக்கா மகன் சொல்வான்; மார்ச் 31 அன்று ராத்திரி அவன் போனை எடுக்க மாட்டான். ஆகவே அந்தப் பழைய, தகுதியில்லாத லேப்டாப்பை மண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், இன்டர்நெட்டை மட்டும் பிடுங்கிவிட்டு. சுக்குத் தூசி அதன் விசிறிக்குள் ஏற்கெனவே குடியேறியிருக்கும். புதியதை ஏன் அந்தக் காற்றில் வைக்க வேண்டும்?

கடைசியாகப் பிரிண்டர். இந்திய அலுவலகங்கள் பார்த்துச் சலித்த கெனான் எல்பிபி 2900 உங்கள் வீட்டிலும் இருந்தால், லினக்ஸில் அதை எழுப்ப ‘கேப்ட்’ என்ற டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். ஞாயிறு கழிந்தும் தாள் வரவில்லையென்றால் பிடிஎஃப் ஆக்கி முக்கு ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நேரில் போய் வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கடையில் ஓடுவது விண்டோஸ் 7. அதற்கு அப்டேட் நின்றது 2020 ஜனவரியில். திரையைப் பார்த்தும் பார்க்காததுபோல் நில்லுங்கள். சுதந்திரம் பற்றி அங்கே வாயைத் திறக்க வேண்டாம், ஆதார் நகல் இன்றைக்கே வேண்டும்.