சிங்கப்பூர் டீ-ஷர்ட்காரர்

சிங்கப்பூர் டீ-ஷர்ட்காரர் வடசேரி, கோட்டாறு, மீனாட்சிபுரம் என்ற பேதமில்லாமல் நாகர்கோவில் முழுக்கக் காணப்படுபவர். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர். ஒரே ஒருமுறை குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு ஐந்து நாள் சுற்றுலா போய் வந்தவர். அந்த ஊரிலேயே வருஷக்கணக்காக வேலை பார்ப்பவர்கள் விடுமுறைக்கு வந்தால் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகத்தான் திரிவார்கள். ஆகவே ஆள் அடையாளத்தில் குழப்பம் வராது.

டீ-ஷர்ட் கறுப்பு அல்லது கருநீலம். நெஞ்சில் சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன். கீழே கைலி. டீ-ஷர்ட், சைனா டவுன் கடைகளில் மூன்று பத்து வெள்ளி என்று கூவி விற்பது. ஒன்று தனக்கு, ஒன்று மைத்துனருக்கு, ஒன்று பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று கணக்குப் போட்டு வாங்கியிருப்பார். ஊர் வந்து சேர்ந்ததும் மூன்றும் அவர் அலமாரியிலேயே தங்கிவிடும். மைத்துனருக்குக் கோடாலித் தைலம். பக்கத்து வீட்டுக்காரருக்கு மிட்டாய்.

இவரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய முக்கியமான செய்தி, தானாக எதையும் சொல்லமாட்டார் என்பது. கேட்க வேண்டும். கேட்க வைப்பதற்காக அவர் படும் பாடு கொஞ்சமல்ல. டீக்கடையில் ரசவடையைக் கையில் வைத்துக்கொண்டு, தினசரி வாசிப்பவருக்கு நேர் எதிரே போய் நிற்பார். பேப்பர் கீழே இறங்கினால் சிங்க முகம் தெரிய வேண்டும். அப்படியும் கேட்காவிட்டால் சிங்கத்தின் வாயில் ஏதோ தூசி இருப்பதுபோல் இரண்டு தட்டுத் தட்டுவார். அடுத்தது, “என்னா புழுக்கம்வே! அங்கயும் இதே வெயிலுதான், ஆனா…” என்று பாதியில் நிறுத்துவார். எந்த ‘அங்கே’ என்று யாராவது கேட்டே ஆக வேண்டும். கேட்கிறவர் விவரமானவராக இருந்து, “மட்டிப்பழம் கிலோ என்ன விலை விக்கி?” என்று பேச்சை மாற்றினால், கடைசி ஆயுதம் வெளிவரும்: “எத்தன தடவ அலசினாலும் சாயமே போக மாட்டேங்கு, பாத்துக்கிடும்.”

“எங்க வாங்குனீரு?”

“எது? இதா?” என்று குனிந்து, அப்போதுதான் கண்ணில் பட்டதுபோல் பார்ப்பார். பிறகு கதை தொடங்கும். சிங்கப்பூரில் அல்ல, திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கார் பேசியதிலிருந்து. சென்னைக்கு ராத்திரி முழுக்க ரயிலில் கிடக்க வேண்டியிருக்க, சிங்கப்பூருக்கு விமானத்தில் நாலு மணி நேரச் சொச்சந்தான் என்பதை இரண்டு தரம் சொல்வார்.

சுசீந்திரம் கோயிலில் இவருக்கு ஒரு சோதனை. ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மற்றவர்கள் சுருட்டி இடுப்பில் செருகுவார்கள், கையில் பிடிப்பார்கள். இவர் நாலாக மடித்து, படம் வெளியே தெரியும்படி தோளில் போட்டுக்கொள்வார். தாணுமாலயனிலிருந்து ஆஞ்சநேயர் வரை சிங்கமும் சேர்ந்தே பிரகாரம் சுற்றி வரும்.

மெர்லயன் 1964இல் சிங்கப்பூர் சுற்றுலா வாரியத்துக்காக வரையப்பட்ட விளம்பரச் சின்னம். சிலை திறந்தது 1972இல். இப்போதுள்ள இடத்துக்கு மாற்றியது 2002இல். உயரம் 8.6 மீட்டர், அதாவது 28 அடி. நாகர்கோவிலிலிருந்து இருபது கிலோமீட்டர் தொலைவில், கன்னியாகுமரிக் கடலில், 2000ஆம் ஆண்டிலிருந்து 133 அடியில் வள்ளுவர் நிற்கிறார். போனதுண்டா என்று கேட்டால், “அங்க ஒரே கூட்டம்வே, படகுக்கு யாரு வரிசயில நிக்கது?” என்பார். மெர்லயன் முன்னால் படம் பிடிக்க முக்கால் மணி நேரம் நின்றவர்தான் இவர்.

இதெல்லாம் போகட்டும், சிரித்துவிடலாம். சிங்கப்பூரின் சுத்தத்தைப் பற்றி இவர் பேசுவதைத்தான் பொறுக்க முடியாது. 1992இலிருந்து சூயிங்கம்கூட விற்கக் கூடாதாம், குப்பை போட்டால் அபராதமாம் என்று முழக்கிக்கொண்டே, குடித்த டீயின் காகிதக் கப்பைக் கடை ஓரத்து ஓடையில் போடுவார். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஓடை அடைத்தால் தண்ணீர் வருஷத்தில் இரண்டு தடவை பள்ளத்து வீடுகளுக்குள் ஏறும். ஏறுவது இவர் வீட்டில் அல்ல; இவர் வீடு மேட்டில்.

“சவத்த இனியாவது தூரப் போடுங்க” என்று வீட்டம்மா சொல்லாத நாளில்லை. ஆனால் படம் உரியாமல் இருக்க அந்த டீ-ஷர்ட்டை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, கையால் அலசி, நிழலில் உலர்த்துவதும் அவர்தான். அந்தப் பயணத்தில் இருவரும் சேர்ந்து எடுத்த படம் ஒன்றே ஒன்று. அதிலும் இதே டீ-ஷர்ட்.

கடைசியில் தேய்ப்புக்கடைப் பையன் படத்தின் மேலேயே சூட்டோடு பெட்டியை வைத்துவிடுவான். சிங்கத்தின் பாதி முகம் பெட்டியோடு போய்விடும். அதற்காக அவர் வருந்துவதில்லை. முன்பு யாரும் கேட்டதில்லை, இப்போது எதிரே வருகிறவர்கள் எல்லாரும், “இது என்னவே மிருகம்?” என்று தாங்களாகவே கேட்கிறார்கள்.

இவருக்கு எதிர்ப்படுகிறவர்கள் நழுவப் பார்ப்பது வீண். முதல் பார்வையிலேயே, “எங்க வாங்கினது?” என்று கேட்டுவிடுவதே நல்லது. அரை மணி நேரத்தில் விட்டுவிடுவார். கேட்காமல் போனால் மறுநாளும் அதையே போட்டுக்கொண்டு வருவார்.